மீன்பிடிப் பூனை எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது? சிவப்புப் பட்டியலை வாசிக்கும் விதம்

திருகோணமலைப் பக்கம் வயலோரத்தில் புள்ளி போட்ட பூனை ஒன்று யார் கண்ணிலாவது பட்டால், அன்று பின்னேரத்துக்குள் அதன் படம் வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கிவிடும். கூடவே இரண்டு செய்தி வரும். ஒன்று, "புலிக்குட்டி பிடிபட்டது". மற்றது, "அழிந்துகொண்டிருக்கும் அரிய இனம்". முதலாவது பெரும்பாலும் பிழை. இரண்டாவது சரி போலத் தெரியும். ஆனால் அனுப்பியவரிடம் "அழிகிறது என்று எப்படித் தெரியும், யார் எண்ணினார்கள்?" என்று கேட்டால் பதில் வராது. அவரைக் குறை சொல்லவும் முடியாது. அரிய, அருகிய, அழிவுறும், பாதுகாக்கப்பட்ட என்ற நான்கையும் பத்திரிகையும் சுவரொட்டியும் ஒன்றுக்குப் பதில் ஒன்றாகப் போட்டுப் பழக்கிவிட்டன. இவை நான்கும் நான்கு வேறு விடயம்.

மீன்பிடிப் பூனையை முன்னால் வைத்து இந்தச் சிக்கலை அவிழ்க்கப் பார்க்கிறேன். விலங்கியல் படித்திருக்கத் தேவையில்லை. நூற்றுக்கு முப்பது என்றால் எவ்வளவு என்று தெரிந்தால் போதும்.

## எந்தப் பூனையைப் பற்றிக் கதைக்கிறோம்

இலங்கையில் பூனைக் குடும்பத்துக் காட்டு விலங்குகள் நான்கு. பெரியது சிறுத்தை, நம் ஆட்கள் புலி என்று சொல்வது இதைத்தான். மற்ற மூன்றும் சிறியவை. துரும்பன் பூனை உலகத்திலேயே மிகச் சிறிய பூனைகளில் ஒன்று. நன்றாக வளர்ந்ததே ஒன்றரைக் கிலோவைத் தாண்டுவது குறைவு. காட்டுப்பூனைக்கு உடம்பில் புள்ளி இல்லை. மண் நிறம், நீண்ட கால், கறுத்த வால் நுனி. நான்காவதுதான் மீன்பிடிப் பூனை.

இது கட்டையான, பாரமான பூனை. ஆண் 16 கிலோ வரை வரும். பெண் அதில் பாதியளவு. பச்சை கலந்த சாம்பல் நிற உடம்பில் கறுத்த புள்ளிகள் நீளவாக்கில் வரிசை வரிசையாக ஓடும். நெற்றியில் இருந்து பிடரிவரை கோடுகள். படத்தில் இருப்பது இதுவா சிறுத்தைக் குட்டியா என்று சந்தேகம் வந்தால் இரண்டு இடத்தைப் பாருங்கள். சிறுத்தையின் புள்ளிகள் பெரும்பாலும் நடுவில் வெளி விட்ட வளையங்கள். மீன்பிடிப் பூனைக்கு நிரம்பிய புள்ளிகள். அடுத்தது வால். சிறுத்தைக்கு நீண்ட வால். மீன்பிடிப் பூனையின் வால், உடல் நீளத்தில் பாதிகூட வராத கட்டை வால். வாட்ஸ்அப் படங்களில் பாதிக்குமேல் வால் தெரியாமல் எடுத்தவையாகவே இருப்பது என் துரதிர்ஷ்டம்.

பெயருக்கு ஏற்ற மாதிரி, இது தண்ணீரில் பிழைக்கிற பூனை. மயிர் இரண்டு அடுக்கு. உள்ளே குட்டையாக, நெருக்கமாக ஓர் அடுக்கு. அதற்குள் தண்ணீர் இலகுவில் இறங்காது. மேலே நீண்ட மயிர். நிறமும் புள்ளியும் அதில்தான். முன்கால் விரல்களுக்கு இடையில் பாதி தூரத்துக்குச் சவ்வு உண்டு. மற்றப் பூனைகளைப் போல நகத்தை முழுக்க உள்ளே இழுத்துக்கொள்ள இதற்கு முடியாது, நுனி கொஞ்சம் வெளியே நிற்கும். அதனால் ஈர வரம்பில் அழுத்தமாகப் பதிந்த தடத்தில் நக நுனியும் சேர்ந்து தெரியலாம். வேட்டை பெரும்பாலும் இரவில். கரையில் குந்தியிருந்து தண்ணீரின் மேற்பரப்பை முன்காலால் மெல்லத் தட்டும். பூச்சி விழுந்தது என்று மீன் மேலே வந்தால் ஒரே அள்ளு. தேவைப்பட்டால் தலையோடு முங்கியும் பிடிக்கும். மீன் மட்டும் என்றில்லை. நண்டு, தவளை, பாம்பு, நீர்ப்பறவை எல்லாம் தின்னும். எலியும் தின்னும், வயல்காரருக்கு அது நல்ல செய்தி.

பாகிஸ்தானின் சிந்து ஆற்றுப் பக்கம் தொடங்கி இந்தியா, நேபாளம், வங்கதேசம், மியான்மர், தாய்லாந்து, கம்போடியா வரை இந்தப் பூனை இருக்கிறது. தீவுகளில் இலங்கைதான் அதற்குப் பெரிய இடம். இங்கே கரையோரம், உலர்வலயம், மலைநாடு என்று வித்தியாசம் பார்க்காது, தண்ணீரும் மறைவும் இருந்தால் சரி. மகாவலி வந்து கொட்டியாரக் குடாவில் விழும் மூதூர்ப் பக்கம், உப்பாறு, தம்பலகாமக் குடாவைச் சுற்றிய கண்டல், வெருகல் ஆற்றோரம், கந்தளாய் வயல்களுக்குப் போகும் வாய்க்கால் ஓரத்துப் பற்றைகள் என்று எங்கள் மாவட்டத்தில் அதற்குத் தோதான நிலம் நிறைய.

சுருக்கமாக: சிறுத்தைக் குட்டி என்று பலர் நினைக்கும் விலங்கு பல வேளைகளில் வளர்ந்த மீன்பிடிப் பூனை. அதற்குக் காட்டைவிடத் தண்ணீர்தான் முக்கியம்.

## "சிவப்புப் பட்டியலில் இருக்கிறது" என்றால்

இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 1948இல் தொடங்கப்பட்டது. சுருக்கமாக ஐ.யு.சி.என். என்பார்கள். ஓர் இனம் உலகத்தில் இருந்து அற்றுப்போகும் ஆபத்து எவ்வளவு என்று மதிப்பிட்டு அது வெளியிடும் தொகுப்புக்குப் பெயர் சிவப்புப் பட்டியல். 1964இல் இருந்து வருகிறது.

முதல் தடுமாற்றம் இங்கேதான். "சிவப்புப் பட்டியலில் உள்ள விலங்கு" என்று யாராவது அழுத்திச் சொன்னால் அதில் செய்தி ஒன்றும் இல்லை. நம் வீட்டு மதிலில் இருந்து கத்தும் காகமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. எந்தப் படியில் இருக்கிறது என்பதே கேள்வி.

கீழ்ப்படி "தீவாய்ப்பு கவலை குறைந்த இனம்". காகம் அங்கே. பிரெட்ரிக் கோட்டை வாசலில் நம் கையில் இருக்கும் பையையே முகர்ந்து பார்க்கும் புள்ளிமானும் உலகப் பட்டியலில் அங்கேதான். அதற்கு மேலே "அச்சுறு நிலையை அண்மித்த இனம்": இன்னும் ஆபத்து வலயத்துக்குள் வரவில்லை, ஆனால் வாசலில் நிற்கிறது. பிறகு ஆபத்து வலயத்தின் மூன்று படிகள்: அழிவாய்ப்பு இனம், அதற்கு மேல் அருகிய இனம், அதற்கும் மேல் மிக அருகிய இனம். இந்த மூன்றுக்கும் சேர்த்துத்தான் "அச்சுறுத்தலுக்கு உள்ளான இனம்" என்று சொல்ல வேண்டும். கடைசி இரண்டு படி, காட்டில் முடிந்து கூட்டிலோ தோட்டத்திலோ மட்டும் மிஞ்சியவைக்கும், முற்றாக அற்றுப்போனவைக்கும். இவை தவிர, தகவல் போதாமல் படி கொடுக்க முடியாதவை ஒரு பக்கம், இன்னும் மதிப்பிடவே படாதவை ஒரு பக்கம்.

மீன்பிடிப் பூனை உலகப் பட்டியலில் 2016ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி அழிவாய்ப்பு இனம். ஆபத்து வலயத்தின் முதல் படி.

## படியை எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள்

எண்ணிக்கை குறைவாக இருந்தால் மேல் படி, கூடினால் கீழ்ப் படி என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். எண்ணிக்கையும் ஒரு காரணம். ஆனால் அது பல காரணங்களில் ஒன்று.

கந்தளாய்க் குளத்தை நம்பி வேளாண்மை செய்கிற ஒருவர் சிறுபோகத்துக்கு முன்னால் குளத்தைப் பார்க்கப் போகிறார். எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்ப்பார். அதோடு திரும்பிவிட மாட்டார். போன கிழமை எவ்வளவு நின்றது, இப்போது என்ன வேகத்தில் இறங்குகிறது என்று கேட்பார். தண்ணீர் பரந்து நிற்கிறதா, அங்கங்கே குழிகளில் தேங்கி நிற்கிறதா என்று பார்ப்பார். பத்தடி தண்ணீர் நின்றாலும் கிழமைக்கு இரண்டடி இறங்கினால் அவருக்கு நித்திரை வராது. நாலடியே நின்றாலும் அது அப்படியே அசையாமல் நின்றால், அளந்து விதைக்கலாம் என்று வீட்டுக்குப் போவார்.

சிவப்புப் பட்டியல் கேட்கும் கேள்விகளும் இவையே. ஐந்து அளவுகோல்கள் உண்டு. ஏதாவது ஒன்றில் அகப்பட்டாலே அந்தப் படி கிடைத்துவிடும்.

முதலாவதும் அதிகம் பயன்படுவதும் இறங்கும் வேகம். மூன்று தலைமுறைக் காலத்தில் தொகை எத்தனை வீதம் குறைந்தது? காரணம் இன்னும் தொடர்கிறது என்றால், நூற்றுக்கு 30 குறைந்தால் அழிவாய்ப்பு இனம். 50 என்றால் அருகிய இனம். 80 என்றால் மிக அருகிய இனம். இங்கே தலைமுறை என்பது, இப்போது குட்டி போடுகிற விலங்குகளின் சராசரி வயது. மீன்பிடிப் பூனைக்கு அதை ஏறத்தாழ 5 ஆண்டு என்று எடுத்திருக்கிறார்கள். ஆக 15 ஆண்டுக் கணக்குப் பார்க்க வேண்டும். குறுகிய ஆயுள் கொண்ட விலங்குகளுக்கு மூன்று தலைமுறை பத்தாண்டைவிடக் குறைவாக வந்தால், பத்தாண்டையே எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டாவது பரப்பு: எவ்வளவு நிலத்தில் வாழ்கிறது, அந்த நிலம் சுருங்குகிறதா, துண்டு துண்டாகிறதா. மூன்றாவது, தொகையும் சிறிது, அது இன்னும் இறங்கவும் செய்கிறது என்ற நிலை. இனப்பெருக்கம் செய்யக்கூடிய வளர்ந்த விலங்குகள் 10,000க்குக் கீழே போய், இறக்கமும் தொடர்ந்தால் அழிவாய்ப்பு. 2,500க்குக் கீழே என்றால் அருகிய இனம். குட்டிகள் இந்தக் கணக்கில் வராது, பெற்றுப் பெருக்கக்கூடியவை மட்டும்தான். நான்காவது, இறக்கம் இருக்கிறதோ இல்லையோ தொகை மிகவும் சிறியது: 250க்குக் கீழே என்றால் நேரே அருகிய இனம். ஐந்தாவது, இத்தனை ஆண்டுக்குள் அற்றுப்போக இவ்வளவு வாய்ப்பு என்று கணித முறையில் கணக்கிடுவது. அதற்குத் தேவையான தகவல் பெரும்பாலான விலங்குகளுக்குக் கிடைப்பதில்லை, ஆகவே அதை விட்டுவிடுவோம்.

மீன்பிடிப் பூனை அகப்பட்டது முதலாவதில். வாழும் சதுப்புநிலங்கள் போகிற வேகத்தையும் கொல்லப்படுகிற விதத்தையும் பார்த்து, மூன்று தலைமுறைக்குள் நூற்றுக்கு 30 அளவிலாவது குறைந்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள்.

சுருக்கமாக: படி என்பது ஆபத்தின் அளவு. எத்தனை இருக்கிறது என்பதைவிட என்ன வேகத்தில் இறங்குகிறது என்பதே பெரும்பாலும் படியைத் தீர்மானிக்கிறது.

## யானையை அடிக்கடி பார்க்கிறோமே!

இதைச் சொன்னதும் கந்தளாய்க்காரர் யாராவது எழும்பிக் கேட்பார்: "யானை எங்கள் தோட்டத்துக்குள் வந்து வாழையைத் தின்றுவிட்டுப் போகிறது. அதைப் போய் அருகிய இனம் என்கிறார்கள். மீன்பிடிப் பூனையை நான் என் ஆயுளில் கண்டதில்லை. அது ஒரு படி கீழேயாம். இது என்ன நியாயம்?"

நல்ல கேள்வி. 2011இல் இலங்கையில் எடுத்த யானைக் கணக்கெடுப்பு 5,879 என்று சொன்னது. ஆசியா முழுக்க பல்லாயிரம் உண்டு. ஆனாலும் ஆசிய யானை அருகிய இனம்தான். யானையின் ஒரு தலைமுறை 20 முதல் 25 ஆண்டு. மூன்று தலைமுறை என்றால் 60 முதல் 75 ஆண்டு. அந்தக் காலத்துக்குள் தொகை பாதிக்கு மேல் போய்விட்டது என்பதுதான் கணக்கு. இன்று வாழைத் தோட்டத்தில் நிற்கிற யானை அந்தக் கணக்கைப் பொய்யாக்காது. காடு சுருங்கினால் யானை தோட்டத்துக்குள் வருவது கூடத்தான் செய்யும். அடிக்கடி காண்பது நிறைய இருப்பதற்கு அடையாளம் இல்லை, ஒதுங்க இடமில்லாததற்கும் அடையாளமாக இருக்கலாம்.

மறுபக்கம், மீன்பிடிப் பூனை இரவில் திரியும், பற்றைக்குள் படுக்கும், சத்தமில்லாமல் போய்விடும். நீங்கள் காணாதது அதன் பழக்கத்தால். தொகைக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை.

வேகம் எவ்வளவு பொல்லாதது என்பதற்கு இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளைச் சொல்ல வேண்டும். 1980களில் செத்த மாடு கிடக்கிற இடமெல்லாம் கூட்டமாக இறங்கிய பிணந்தின்னிப் பறவை அது. அதை அரியது என்று அன்று சொன்னால் சிரித்திருப்பார்கள். மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்து, செத்த உடலைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 1990களின் தொடக்கத்தில் இருந்து பதினைந்து ஆண்டுக்குள் நூற்றுக்கு 99க்கு மேல் போய்விட்டது. 2000ஆம் ஆண்டு மிக அருகிய இனம் என்று அறிவித்தார்கள். 2006இல் இந்தியாவும் நேபாளமும் பாகிஸ்தானும் அந்த மருந்தை மாட்டுக்குக் கொடுப்பதைத் தடை செய்தன. "நிறைய இருக்கிறதே" என்று சொல்லி ஆறுதல்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

## எண்ணாமல் எப்படிச் சொல்கிறார்கள்

இரவில் திரிகிற பூனையை வரிசையில் நிற்பாட்டி எண்ண முடியாது. அதற்குத்தான் தானியங்கிக் கமரா. விலங்கு போகிற தடத்தில் ஒரு கம்பத்திலோ மரத்திலோ கட்டிவிடுவார்கள். சூடான உடம்பு குறுக்கே போனால் தானாகப் படம் எடுக்கும். மீன்பிடிப் பூனைகளின் புள்ளி ஒன்றைப் போல ஒன்று இராது. விலாப்புறத்தை வடிவாகப் பார்த்தால், இது நேற்று வந்த ஆளா புது ஆளா என்று பிரித்துவிடலாம். திரும்பத் திரும்ப ஒரே ஆட்களே வந்தால் அங்கே இருப்பது கொஞ்சம். ஒவ்வொரு நாளும் புது முகம் வந்தால் இன்னும் நிறைய இருக்கிறது. இந்த விகிதத்தை வைத்து, கமராவில் படாதவையையும் சேர்த்து மொத்தத்தை மதிப்பிட ஒரு முறை இருக்கிறது.

இந்தியாவின் ஒடிசாவில் உள்ள சிலிகா, எங்கள் பக்கத்துக் களப்புகளைப் போல உப்பும் நன்னீரும் கலந்த பெருங்களப்பு. அங்கே இப்படிக் கமரா வைத்துப் பார்த்து 2022இல் 176 மீன்பிடிப் பூனைகள் என்று மதிப்பிட்டார்கள். காப்புக்காட்டுக்கு வெளியே, மீனவர்களின் நடுவே, அவ்வளவு பூனைகள்.

ஆனால் பாகிஸ்தானில் இருந்து கம்போடியா வரை எல்லா இடத்திலும் கமரா கட்ட முடியாது. ஆகவே உலக மதிப்பீட்டில் பெரும்பங்கு மறைமுகக் கணக்குத்தான்: சதுப்புநிலம் எவ்வளவு போயிற்று, முன்பு இருந்த இடங்களில் இப்போது தடம் கிடைக்கிறதா, வலையிலும் கண்ணியிலும் எவ்வளவு சிக்குகிறது. ஜாவாத் தீவில் பழைய பதிவுகள் உண்டு. அண்மைக் காலத்தில் உறுதியான ஒரு பதிவுகூட இல்லை. அவ்வளவு பெரிய துண்டு வரைபடத்தில் இருந்து போனால் கணக்கில் இறக்கம் தெரியத்தானே செய்யும். நேரில் எண்ணியதா, வாழிடத்தை வைத்து ஊகித்ததா என்பதை மதிப்பீட்டிலேயே எழுதி வைக்க வேண்டும் என்பது ஐ.யு.சி.என். விதி. ஊகம் என்பதால் ஒதுக்கவும் மாட்டார்கள், ஊகத்தை எண்ணிக்கை என்று காட்டவும் விட மாட்டார்கள்.

## 2008இல் ஒரு படி, 2016இல் இன்னொரு படி

மீன்பிடிப் பூனையைப் பற்றிய பழைய கட்டுரைகளில் "அருகிய இனம்" என்றும் புதியவற்றில் "அழிவாய்ப்பு இனம்" என்றும் இருக்கும். இரண்டும் அந்தந்தக் காலத்துக்குச் சரி. 2008இல் அருகிய இனம் என்று வைத்தார்கள். 2016இல் ஒரு படி கீழே இறக்கினார்கள்.

அப்போது சில இடங்களில் இதை "மீன்பிடிப் பூனை மீண்டுவிட்டது" என்று சந்தோசமாக எழுதினார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பூனை கூடவில்லை, சதுப்புநிலம் திரும்பி வளரவில்லை. படி மாறுவதற்கு இரண்டு வகைக் காரணம் உண்டு. ஒன்று, விலங்கின் நிலை உண்மையிலேயே மாறுவது. மற்றது, நம் அறிவு மாறுவது: புதுப் பதிவுகள் வந்திருக்கும், பழைய கணக்கில் துணிந்து சொன்னதற்கு இப்போது ஆதாரம் போதாமல் இருக்கும். பட்டியலில் இந்த இரண்டையும் வேறுவேறாகக் குறிப்பார்கள். மீன்பிடிப் பூனையின் மாற்றம் இரண்டாவது வகை. பாதிக்குப் பாதி போய்விட்டது என்று நிரூபிக்கும் அளவுக்கு ஆதாரம் இல்லை. முப்பது வீதம் என்பதற்கு இருக்கிறது. அவ்வளவுதான் அந்த இறக்கத்தின் பொருள்.

இலங்கைச் சிறுத்தைக்கும் இதேபோல் நடந்தது. 2008இல் அருகிய இனம், 2020இல் அழிவாய்ப்பு இனம்.

சுருக்கமாக: படி இறங்கியதைக் கேட்டால், விலங்கு மாறியதா நம் கணக்கு மாறியதா என்று முதலில் கேளுங்கள்.

## உலகத்துக்கு ஒன்று, இலங்கைக்கு ஒன்று

குழப்பத்தைக் கூட்டும் இன்னொரு சங்கதி, இலங்கைக்கென்று தேசிய சிவப்புப் பட்டியல் ஒன்று இருப்பது. சுற்றாடல் அமைச்சு 2012இல் வெளியிட்ட பட்டியலில் மீன்பிடிப் பூனை அருகிய இனம். துரும்பன் பூனையும் அப்படியே. சிறுத்தையும் அப்படியே. உலகப் பட்டியலில் துரும்பன் பூனை அச்சுறு நிலையை அண்மித்த இனம் மட்டுமே என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். அதைவிட இரண்டு படி மேலே இங்கே.

யாரோ ஒருவர் பிழைவிட்டார் என்று நினைக்க வேண்டாம். அளவுகோல் அதே, அளக்கிற பாத்திரம் சிறிது. எல்லையை இலங்கைக் கரையோடு நிறுத்திக்கொண்டால் பரப்பும் தொகையும் தானாகக் குறைகின்றன.

இன்னொரு காரணமும் உண்டு, அது கொஞ்சம் நுட்பமானது. நாட்டுக் கணக்கில் "பக்கத்து நாட்டில் இருந்து விலங்கு வந்து சேருமா?" என்று கேட்பார்கள். நேபாளத்துச் சதுப்பில் பூனை குறைந்தால் இந்தியப் பக்கம் இருந்து நடந்து வந்து நிரப்பலாம். அப்படி வரவு உண்டு என்றால் ஆபத்துப் படியைக் குறைத்துப் போட விதி இடம் கொடுக்கிறது. குளக்காரர் மொழியில், மேல் குளத்தில் இருந்து வாய்க்கால் வருகிறது என்பதுபோல. இலங்கைப் பூனைக்கு அந்த வாய்க்கால் இல்லை. நன்றாக நீந்தும் விலங்குதான், ஆனால் பாக்கு நீரிணையைக் கடந்து குடியேறப் போவதில்லை. இங்கே இருப்பது போனால் போனதுதான். உலகப் பட்டியலில் அந்த இனம் அப்போதும் உயிரோடு இருக்கும்.

ஆகவே நம் ஊர் ஆட்களுக்கு எந்தப் பட்டியல் முக்கியம் என்று கேட்டால், தேசியப் பட்டியல் என்றே சொல்வேன். உலகப் பட்டியலை மட்டும் மேற்கோள் காட்டி "அவ்வளவு மோசமில்லை" என்று சொல்லும் அபிவிருத்தி அறிக்கைகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் வாசிக்க வேண்டும்.

## பட்டியல் வேறு, சட்டம் வேறு

"சிவப்புப் பட்டியலில் இருக்கிற மிருகத்தைக் கொன்றால் சிறை." இதுவும் அடிக்கடி கேட்கிற வசனம். சிவப்புப் பட்டியலுக்குச் சிறையில் போடும் அதிகாரம் இல்லை. அது ஓர் அறிவியல் மதிப்பீடு. யாரையும் தடுக்காது, யாருக்கும் தண்டம் போடாது.

தண்டிப்பது நாட்டுச் சட்டம். இலங்கையில் அது 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். 2009இல் பெரிய திருத்தம் வந்தது. மீன்பிடிப் பூனை அதன்கீழ் பாதுகாக்கப்பட்ட விலங்கு. கொல்வது, பிடிப்பது, வீட்டில் வளர்ப்பது எல்லாமே குற்றம். பட்டியலில் நாளைக்கே படி இறங்கினாலும் சட்டம் தானாக மாறாது. மறுவளமாக, பட்டியலில் கவலை குறைந்தது என்று நிற்கிற புள்ளிமானைச் சுட்டாலும் மறியல்தான்.

மூன்றாவதாக ஒன்று, நாடுகளுக்கு இடையில் காட்டு விலங்கு வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை. 1975இல் நடைமுறைக்கு வந்தது, இலங்கை 1979இல் சேர்ந்தது. மீன்பிடிப் பூனை அதன் இரண்டாம் பின்னிணைப்பில் இருக்கிறது. அதாவது அனுமதிப்பத்திரம் இல்லாமல் உயிரோடோ தோலாகவோ எல்லை தாண்ட முடியாது. சிறுத்தை இன்னும் கடுமையான முதலாம் பின்னிணைப்பில்.

சுருக்கமாக: பட்டியல் ஆபத்தைச் சொல்கிறது, கட்டளைச் சட்டம் நாட்டுக்குள்ளே தடுக்கிறது, சைட்டிஸ் எல்லையில் தடுக்கிறது.

## எங்கள் மாவட்டத்தில் இடிக்கிற இடம்

சட்டம் பூனையைக் காப்பாற்றுகிறது. பூனை படுக்கிற பற்றையை எப்போதும் காப்பாற்றுவதில்லை. சேருவில அல்லைப் பக்கம் சரணாலயம் இருக்கிறது. ஆனால் இந்தப் பூனை வரைபடம் பார்த்து வாழ்கிற விலங்கு இல்லை. வயலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் யாருக்கும் வேண்டாத நாணல், சம்பு, தில்லை வளர்ந்த துண்டுகள்தான் அதன் வீடு. காணி உறுதியில் அது தரிசு. நிரப்பி மதில் கட்டினால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

அடுத்தது வீதி. ஹபரணையில் இருந்து வரும் ஏ6 வீதியும், கிண்ணியா, மூதூர், வெருகல் வழியாக மட்டக்களப்புக்குப் போகும் ஏ15 வீதியும் வயலையும் நீரோடைகளையும் திரும்பத் திரும்ப வெட்டிக்கொண்டு போகின்றன. மதகு இருக்கிற இடத்தில் தண்ணீர் கீழே போகும். மாரியில் மதகு நிரம்பிவிட்டால் பூனை மேலே ஏறித் தாரைக் கடக்கும். இலங்கை முழுக்கவே வாகனத்தில் அடிபட்டுச் சாவது இதற்குப் பெரிய அச்சுறுத்தல்களில் ஒன்று. பன்றிக்கும் முயலுக்கும் கட்டிய கம்பிக் கண்ணியில் மாட்டுவது, நாய் துரத்திக் கடிப்பது, கோழிக்கூட்டுக்கு வந்தது என்று அடிப்பது, புலி என்று பயந்து அடிப்பது என்று மற்றவையும் உண்டு. கடைசிக் காரணத்தை ஒரு நல்ல படத்தாலேயே குறைக்கலாம் என்பது என் எண்ணம்.

மனிதரோடு சேர்ந்து வாழவே முடியாத விலங்கு என்றால் கைவிட்டுவிடலாம். அப்படியும் இல்லை. கொழும்பு நகரின் ஈரநிலங்களிலேயே மீன்பிடிப் பூனைகள் வாழ்கின்றன. கழுத்துப்பட்டி மாட்டிப் பின்தொடர்ந்தபோது, வீட்டுத் தோட்டத் தொட்டியில் வளர்த்த அலங்கார மீனைப் பிடித்துத் தின்றுவிட்டு மதிலேறிப் போவது தெரிய வந்தது. 2018இல், ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின்கீழ் ஈரநில நகரம் என்று கொழும்புக்கு அங்கீகாரம் கிடைத்தது. அங்கே ஒரு தலைநகரின் நடுவில் முடிந்தது, தம்பலகாமத்து வயலோரத்தில் முடியாது என்பதற்குக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

## குட்டியைக் கண்டால், செத்ததைக் கண்டால்

அறுவடை நேரத்திலோ பற்றை வெட்டும்போதோ குட்டிகள் அகப்படலாம். ஒரு ஈற்றில் பெரும்பாலும் இரண்டு மூன்று. தாயைக் காணோம் என்று தூக்கிக்கொண்டு வராதீர்கள். தாய் பக்கத்தில் எங்கோ பதுங்கி, ஆட்கள் விலகும்வரை பார்த்துக்கொண்டிருக்கும். அந்தத் துண்டை வெட்டாமல் விட்டு, நாயைக் கட்டிவிட்டு, ஓர் இரவு விலகி இருந்தால் பெரும்பாலும் தாயே வந்து ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய்விடும். குட்டிக்குக் காயம் என்றாலோ, அடுத்த நாளும் அங்கேயே கிடந்தாலோ வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். மாட்டுப்பால் பருக்க வேண்டாம். பூனைக் குட்டிக்கு அது வயிற்றோட்டத்தைக் கொண்டுவரும்.

வீதியில் அடிபட்டுக் கிடந்ததைக் கண்டால், வாகனத்தை ஓரமாக விட்டு மூன்று படம் எடுங்கள்: விலாப்புறம் முழுதாக, தலை, கட்டாயம் வால். எந்த வீதி, எந்தக் கட்டை, எத்தனையாம் திகதி என்று சேர்த்து எழுதித் திணைக்களத்துக்கோ, பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிப்பிக்கிற யாருக்கோ அனுப்புங்கள். அடுத்த தேசிய மதிப்பீட்டுக்கு உட்காருகிறவர்கள் இப்படியான பதிவுகளைத்தான் தேடுவார்கள். இடமும் திகதியும் இல்லாத வாட்ஸ்அப் படத்தை அவர்களால் கணக்கில் சேர்க்க முடியாது.